வீட்டில் ஓர் இருப்புப்பாதை

பெரிய பொருள்களைக் கண்டு வியத்தல் மாந்தர் இயல்பு. அவற்றையே சிறியனவாகச் செய்து பார்த்து மகிழ்தலும் மாந்தர் இயல்பே. இவ்விருவகை இன்பத்தையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையில் தும்பிசேர் கீரனார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் ஏறிச் செல்லுதல் சிறுவர்க்கு இயலாது. ஆயினும், அதனை இழுத்துத் திரிவதிலேயே அவர்தம் உள்ளம் நிறைந்துவிடும் என்பது அப்பாட்டில் வரும் உவமையின் கருத்து. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டிய மூன்று உருளைத் தேரை நமக்குக் காட்டுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவத்திற்குச் 'சிறுதேர்ப் பருவம்' என்றே பெயர். பெருந்தேர் ஓடிய நாளில் சிறுதேர் உருண்டது. புகைவண்டி ஓடும் நாளில் சிறு புகைவண்டி ஓடுகின்றது. இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

மேனாட்டார் இக்கலையை மிக வளர்த்துள்ளனர். ஜெர்மனி நாட்டு மெர்க்லின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டில் லைப்சிக் நகரச் சந்தையில், விளையாட்டுப் புகைவண்டிப் பாதைகளின் அகலங்களை வரையறுத்து முறைப்படுத்தினர். லிவர்ப்பூல் நகரைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பார் 1920இல் இத்தகைய வண்டிகளை விற்கத் தொடங்கினார். ஹாம்பர்க் நகரத்தில் 2001இல் தொடங்கப்பெற்ற காட்சிக்கூடத்தில் சிற்றுருப் பாதை பல கிலோமீட்டர் நீளத்திற்கு வளர்ந்திருக்கின்றது. நம் நாட்டில், புனே நகரத்துப் பாவ் ஜோஷி என்பார் தம் வாழ்நாள் ஆர்வத்தின் பயனாக 1998இல் சிற்றுரு இருப்புப்பாதைக் காட்சியகம் ஒன்றை நிறுவினார். இவையெல்லாம் பெருமுயற்சிகள். யான் ஈண்டுக் கூறப்புகுவது, நாசரேத்தில் என் வீட்டுப் பின்னறையில் ஒரு பலகைமேல் அமைந்துள்ள மிகச் சிறிய முயற்சி ஒன்றனையே.

தமிழாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின், எங்கள் ஊர் வழியாகச் செல்லும் பாதையையே சிற்றுருவில் அமைக்க விழைந்தேன். திருநெல்வேலியினின்று திருச்செந்தூர்க்குச் செல்லும் அவ்விருப்புப்பாதை 1923ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. திருநெல்வேலியை விட்டு நீங்கியதும் தாமிரபரணியைக் கடந்து பாளையங்கோட்டையை அடையும். பின்னர்ச் செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர்களைத் தொட்டுக்கொண்டு நாசரேத்திற்கு வரும். அதற்கப்பால் பனைகளின் நாடு. கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் ஆகியவற்றைக் கடந்து, திருச்செந்தூரில் கடற்காற்று வந்து எதிர்கொள்ளும் இடத்தில் பாதை முடியும். ஆறு, வயல், குளம், பனை, செம்மணல், உப்பளம், கடல் ஆகிய இத்தனையையும் ஏறத்தாழ 61 கிலோமீட்டருக்குள் காட்டும் பாதை இது.

யான் பள்ளிச் சிறுவனாய் இருந்த காலத்தில் இது மீட்டர் கேஜ் பாதை. நீராவி எஞ்சின்கள் ஓடின. 2008இல் இஃது அகலப்பாதையாயிற்று. இப்போது மின்சாரத்தால் வண்டிகள் ஓடுகின்றன. மாற்றம் நன்மையே, வண்டிகள் நேரே சென்னை வரை செல்கின்றன. ஆயினும், பழைய பாதை எவ்வாறு இருந்தது என்று இன்றைய சிறுவர்க்கு வாயாற் சொன்னால் விளங்குவதில்லை. அவர்கட்குக் காட்டுதற்காகவே மறைந்துபோன மீட்டர் கேஜ் பாதையைத் தேர்ந்துகொண்டேன்.

மாணவர்களே! இப்பணியில் முதலில் வேண்டுவது சுத்தியலும் ஆணியும் அல்ல, கணக்கு. கடைகளில் எளிதிற் கிடைக்கும் சிறு தண்டவாளங்களின் இடையகலம் 16.5 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் பாதையின் அகலமோ 1,000 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 61 வரும். எனவே, உண்மைப் பொருள் ஒவ்வொன்றும் 61இல் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். ஏறத்தாழ 19½ மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி 32 சென்டிமீட்டர் ஆகும். மேடைமேல் நிற்கும் மனிதர் 27 மில்லிமீட்டர் உயரமே இருப்பர். ஓரிடத்தில் இவ்வளவு தவறினால், கதவில் நுழைய முடியாத மனிதரும், கூரையை முட்டும் விளக்கும் தோன்றிவிடும். சிறிய உலகில் பொய் விரைவில் வெளிப்படும்.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்தியது. 61 கிலோமீட்டர்ப் பாதையை 61இல் ஒரு பங்காக்கினாலும் ஒரு கிலோமீட்டர் நீளம் வேண்டும்! என் பலகையோ 12 அடி நீளமும் 5 அடி அகலமும் உடையது. ஆகவே, எதனைக் கொள்வது, எதனை விடுவது என்னும் வினா எழுந்தது. இதற்கு விடை கூறியவர் பொறியாளர் அல்லர்; பவணந்தி முனிவரே. நூலுக்குரிய பத்து அழகுகளைக் கூறும் நன்னூல், சுருங்கச் சொல்லலையும் விளங்க வைத்தலையும் அடுத்தடுத்து வைத்தது. சுருக்கம் விளக்கத்தைக் கெடுத்தல் கூடாது. விளக்கம் சுருக்கத்தைக் கெடுத்தல் கூடாது. ஆற்றுப்பாலம், நாசரேத் நிலையம், பனங்காடு, ஆறுமுகநேரி உப்பளம், திருச்செந்தூர் முடிவிடம் ஆகிய ஐந்தையே கொண்டேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே மரத்தோப்போ மேடோ அமைத்துவிட்டால், வண்டி மறைந்து வெளிப்படும். காண்பவர் உள்ளம் இடையிலுள்ள தொலைவைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

வளைவுகளையும் இவ்வாறே மறைக்க வேண்டியதாயிற்று. மீட்டர் கேஜ் பாதையில் இடம்பெறக்கூடிய மிகக் குறுகிய வளைவின் ஆரமே 109 மீட்டர். என் அளவில் அஃது ஏறத்தாழ 1.8 மீட்டர். ஐந்தடிப் பலகையில் அதற்கு இடமேது? ஆதலின், 60 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவுகளை இரு முனைகளிலும் அமைத்து, அவற்றைப் பனங்காட்டிற்குப் பின்னால் ஒதுக்கினேன். கண்ணுக்குத் தெரியும் பகுதிகளில் பாதை மெல்லென வளைந்து செல்லும்.

பலகையைச் செய்தவர் எங்கள் ஊர்த் தச்சர். 1878இல் தொடங்கப்பெற்ற நாசரேத் தொழிற்பள்ளியில் பயின்று தேர்ந்தவர் அவர். பழைய வீடொன்றைப் பிரித்தபோது கிடைத்த தேக்குச் சட்டங்களைக் கொண்டு அவர் தாங்குசட்டம் செய்தார். "ஐயா, மழைநாளில் பலகை பருக்கும், வெயில்நாளில் சுருங்கும். இரண்டுக்கும் இடம் விட்டே தண்டவாளத்தைப் பொருத்த வேண்டும்" என்றார். "பெரிய பாதையிலும் அதே முறைதான், ஆசாரியாரே" என்றேன் யான். 12 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம் 30 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். அந்நீட்சிக்கு இடம் வேண்டியே பழைய பாதைகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே சிறு வெளி விட்டிருந்தனர். வண்டியில் சென்றோர் கேட்ட 'கடகட' என்னும் ஒலி, சக்கரங்கள் அவ்வெளிகளைத் தாண்டிய ஒலியே ஆகும். என் பாதையில் ஒரு தாள் நுழையும் அளவு வெளி போதுமானது.

சிறு எஞ்சினை ஓட்டுவது 12 வோல்ட்டு நேர்மின்னோட்டம். ஒரு தண்டவாளம் மின்சாரத்தைக் கொண்டுவரும். மற்றொன்று திருப்பிக் கொண்டுசெல்லும். சக்கரங்கள் வழியே மின்னோட்டம் உள்ளே சென்று மோட்டாரைச் சுழற்றும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விரையும். நேர், எதிர் முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். கம்பிகள் யாவும் பலகைக்குக் கீழே செல்கின்றன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 1946இல் இத்தகைய சிற்றுருப் புகைவண்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அங்கே பலகைக்குக் கீழே தொலைபேசி இணைப்புக் கருவிகளைப் பிணைத்துப் பழகிய இளைஞர் சிலர், பின்னர்க் கணிப்பொறித் துறையின் முன்னோடிகளாய் விளங்கினர். விளையாட்டு எங்கே முடிகின்றது, கல்வி எங்கே தொடங்குகின்றது என்று எவரால் வரையறுத்துக் கூற முடியும்?

இனி, நிலக்காட்சி. இதற்கு வேண்டுவனவற்றைக் கடையில் தேடவில்லை; ஊரே தந்தது. மூங்கிற் குச்சியில் பனந்தும்பைச் சுற்றி ஒட்டினால் பனையின் உடல் ஆகிவிடும். பனையோலையை நகத்தளவு நறுக்கி மடித்தால் அதுவே தலையோலை. பனையைக் கொண்டே பனை செய்தோம்! முற்றிய பீர்க்கங்காயின் உட்கூட்டைப் பிய்த்து நிறமூட்டினால் உடைமரமும் புதரும் ஆயின. தேரிக்காட்டுச் செம்மணலைச் சல்லடையில் சலித்துத் தூவியதும் பலகைக்கு எங்கள் நாட்டின் நிறம் வந்தது. பாதைக்கு இடும் சல்லிக்கல் உண்மையில் 50 மில்லிமீட்டர் அளவினது. 61இல் ஒரு பங்கோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆற்றுமணலைச் சலித்து அதற்குப் பயன்படுத்தினேன். வெண்பசையை நீரிற் கரைத்து, ஒரு துளி சோப்பு நீர் சேர்த்துச் சொட்டவிட்டால், மணல் இடம்பெயராது இறுகிவிடும். உப்பளத்திற்கு மட்டும் உப்பை இடவில்லை. உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தண்டவாளத்தையும் ஆணியையும் அரித்துவிடும். ஆதலின், வெண்குவியல்களாய் அங்கே இருப்பது கோலமாவே.

இப்பணிக்கு முடிவு என்பது இல்லை. ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்றைத் திருத்துகின்றோம். எங்கள் ஊர்க்குக் கடல் அணித்தாதலின் காற்றில் உப்பீரம் மிகுதி. தண்டவாளத்தின் மேற்பரப்பில் மாசு படியும். மின்னோட்டம் தடைப்பட்டு எஞ்சின் தயங்கி நிற்கும். வாரத்திற்கு ஒருமுறை தூய துணியில் ஸ்பிரிட்டைத் தோய்த்துத் துடைக்கின்றோம். பேரப்பிள்ளைகளும் அவர்தம் பள்ளித் தோழரும் சேர்ந்து ஓட்டத் தொடங்கியபின், வேறொரு திருத்தம் தேவைப்பட்டது. விசையை முற்றத் திருகி வண்டியைப் பறக்கவிடுவதே சிறுவர்தம் விருப்பம். அவர்களையே கணக்கிடச் செய்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் செல்லும் வண்டி, இந்த அளவில் நொடிக்கு 23 சென்டிமீட்டர்தான் செல்ல வேண்டும். 12 அடிப் பலகையைக் கடக்க ஏறத்தாழ 16 நொடி ஆகும். அன்றுமுதல் கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுகின்றார்கள். மெல்லச் செல்லும் வண்டியே உண்மை வண்டியாய்த் தோன்றும் என்பதை அவர்களே கண்டு கூறினார்கள்.

அடுத்து வந்தது இரு வண்டிகளின் சிக்கல். ஒற்றைப்பாதையில் எதிரெதிராக இரு வண்டிகள் புகுந்தால் கேடு விளையும். இதனைத் தடுப்பதற்கு, 'நீல்' என்பார் பெயரால் வழங்கும் கருவி நம் நாட்டின் ஒற்றைப்பாதைகளில் பல்லாண்டுகள் பயன்பட்டது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். இரு நிலைய அதிகாரிகளும் உடன்பட்டால்தான் ஓர் இரும்புக்குண்டு வெளிவரும். அதனைப் பெற்ற ஓட்டுநரே பாதையில் நுழையலாம். அக்குண்டு மீண்டும் கருவிக்குள் சேரும்வரை வேறொன்று வெளிவராது. எங்கள் பாதையில் ஒரு கோலிக்குண்டு அத்தொழிலைச் செய்கின்றது. நாசரேத்திற்கு ஒரு சிறுமியும் ஆறுமுகநேரிக்கு ஒரு சிறுவனும் அதிகாரிகள். குண்டு கைக்கு வாராமல் விசையைத் தொடுதல் கூடாது. அரை ரூபாய்கூடப் பெறாத அக்கண்ணாடிக் குண்டுக்கு அவர்கள் காட்டும் மதிப்பைக் கண்டால், ஒழுங்கு என்பது அச்சத்தால் வருவதன்று, காரணம் அறிவதால் வருவது என்பது விளங்கும்.

இவை அனைத்தினும் பெரிய திருத்தம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழைக்குப் பின் நிகழ்ந்தது. அம்மாதம் 17, 18ஆம் நாள்களில் எங்கள் வட்டாரம் முழுவதும் வெள்ளக்காடாயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பெற்றது. அப்பால் செய்துங்கநல்லூர்ப் பக்கத்தில் வெள்ளம் பாதையின் அடிமண்ணையும் சல்லியையும் அடித்துச் சென்றுவிட, தண்டவாளங்கள் வெறும் ஏணிபோல் அந்தரத்தில் தொங்கின. வண்டியை உரிய இடத்தில் நிறுத்தியமையால் ஏறத்தாழ 800 உயிர்கள் காப்பாற்றப்பெற்றன. சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்த அந்நிலையில் அயலிலுள்ள ஊரார், தம் வீடுகளிலும் நீர் புகுந்திருக்க, இருந்ததைச் சமைத்துப் பயணிகளுக்கு உணவளித்தனர். இச்செய்தி எங்கள் நாட்டுக்கு என்றும் பெருமை தருவதாகும்.

வெள்ளம் வடிந்தபின் பின்னறைக்கு வந்த பேத்தி பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், "தாத்தா, நம் பாதைக்குக் கீழே தண்ணீர் போவதற்கு வழி எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். ஆற்றுக்குப் பாலம் இருந்தது. வயலுக்கும் குளத்திற்கும் நடுவே கரைபோல் ஓடிய பாதைக்கு அடியில் வழி இல்லை. எத்தனையோ பெரியவர்கள் வந்து பார்த்துப் பனையையும் கோபுரத்தையும் புகழ்ந்து சென்றனர். இக்கேள்வியைக் கேட்டவள் ஒன்பது வயதுச் சிறுமியே.

பலகைமேல் நீரை ஊற்றிப் பார்த்தல் இயலாது, பார்த்தாலும் பயனில்லை. பொருள்களைச் சுருக்கலாம், நீரைச் சுருக்க முடியாது. பனை சிறிதாகும், பெட்டி சிறிதாகும். நீர்த்துளியோ எங்கும் ஒரே இயல்பினது. ஆகவே, முற்றத்தில் ஒரு முழ உயரத்திற்கு இரண்டு மண்கரைகள் எழுப்பினோம். ஒன்றன் அடியில் குழாய்த்துண்டுகளைச் செருகி நீர்வழி வைத்தோம். மற்றொன்றை அவ்வாறே விட்டோம். இரண்டன் ஒருபக்கத்திலும் குடம் குடமாக நீர் ஊற்றினோம். வழியுள்ள கரையின் கீழே நீர் அமைதியாகக் கடந்து சென்றது. வழியற்ற கரையின் பின்னே நீர் ஏறிக்கொண்டே நின்றது. பின்னர் உச்சியில் விரலளவு வழிந்தது. வழிந்த இடம் கணப்பொழுதில் அறுபட்டுக் கரை சரிந்தது. மண்ணின்மேல் உடைகல்லைப் பரப்பியும் பார்த்தோம். கூர்மையான முனைகளையுடைய கற்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். இடைவெளிகள் வழியே மழைநீர் வடியும். ஆனால், அடிமண் கரைந்துவிட்டால் மேற்கல் எவ்வளவு உறுதியாயினும் நில்லாது. நீர்க்கு வழிவிட்டவனுக்கே நிலத்தில் வழி உண்டு என்பதைப் பிள்ளைகள் சேற்றுக் கால்களோடு நின்று கற்றுக்கொண்டார்கள்.

அன்று மாலையே என் பலகைப் பாதையில் வயலுக்கும் குளத்திற்கும் நடுவே நான்கு சிறு மதகுப்பாலங்கள் அமைக்கத் தொடங்கினோம். அவை அட்டையால் ஆனவை. நீரே இல்லாத பாதைக்கு அவற்றால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். அவற்றைச் செய்த பிள்ளைகள் இப்போது புகைவண்டியில் செல்லும்போது சன்னலோரத்தில் அமர்ந்து பாலங்களை எண்ணுகின்றார்கள். நீரோடையில் குப்பை அடைத்திருந்தால் சுட்டிக் காட்டுகின்றார்கள். நாள்தோறும் கண்முன் இருந்தும் கருத்தில் படாதிருந்த ஒன்று, சிறிதாகச் செய்து பார்த்தமையால் கருத்தில் பதிந்தது. அதுவே பயன்.

மாணவர்களே! இத்தகைய முயற்சிக்குப் பெரும்பொருள் வேண்டும் என்று எண்ணித் தயங்காதீர்கள். மின்சார எஞ்சின் இல்லாவிடினும் குறையில்லை. உங்கள் ஊரிலுள்ள பாலத்தையோ குளத்தையோ பள்ளிக் கட்டடத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகோலோடு சென்று அளந்து வாருங்கள். அட்டையும் பசையும் கொண்டு, ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்யுங்கள். செய்யும்போது, தூண் ஏன் அவ்விடத்தில் நிற்கின்றது, படி ஏன் அத்திசையை நோக்கியிருக்கின்றது, மழைநீர் எவ்வழியே செல்கின்றது என்னும் வினாக்கள் தாமாகவே எழும். விடை தேடி மீண்டும் அவ்விடத்திற்கே செல்வீர்கள். அப்போது நீங்கள் காணும் ஊர், முன்பு கண்ட ஊராக இராது. கையால் செய்து பார்த்த பொருளைக் கண் என்றும் மேலோட்டமாகப் பார்ப்பதில்லை. அளந்து அறிந்தவனே தன் நாட்டை ஆளும் பொருட்டும் பேணும் பொருட்டும் தகுதி பெறுகின்றான்.